ராஜா பையனின் முதல் கேசட்

1997 பிப்ரவரியில் 'அரவிந்தன்' வெளியானபோது அதன் இசையமைப்பாளருக்கு வயது 17. கேசட் உறையில் யுவன் சங்கர் ராஜா என்ற பெயரைப் பார்த்தவர்கள் பாட்டு எப்படி என்று முதலில் கேட்கவில்லை. "இளையராஜாவோட சின்னப் பையனா?" என்றுதான் கேட்டார்கள். பதில் தெரிந்த பிறகுதான் கேசட்டையே போட்டார்கள்.

அப்படிக் கேட்ட ஊர்களில் ஒன்று காரைக்கால். ஆட்சியில் அது புதுச்சேரியைச் சேர்ந்தது. பாட்டு கேட்பதிலோ தஞ்சை டெல்டாவின் ஒரு தெரு. கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தந்த அன்றைய ரெக்கார்டிங் சென்டர்களில்தான் ரசிகர் கருத்தின் அசல் கணக்கு கிடைத்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு கொள்ளும். ஏழாவதை நுழைத்தால் பாதியில் அறுந்துபோகும். ஆகவே எதை வைப்பது, எதை அடிப்பது என்பதே விமர்சனம். ஏ.ஆர்.ரஹ்மானும் தேவாவும் இடம்பிடித்து உட்கார்ந்திருந்த காலம். இளையராஜாவோ ஓய்வு பெற்ற அப்பா அல்ல, அதே ஆண்டில் படங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். மகனுக்குப் போட்டி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அண்ணன் கார்த்திக் ராஜாவும் அதே 1997-இல் 'உல்லாசம்' பாடல்களால் நல்ல பெயர் எடுத்தார்.

யுவனுக்கு வாய்ப்பு வந்ததும் விசித்திரமாகத்தான். தயாரிப்பாளர் டி.சிவா முதலில் கேட்டது டிரெய்லருக்கான இசை மட்டும். அது பிடித்துப்போய் முழுப் படத்தையும் கொடுத்தார். விமானி ஆகும் ஆசையில் இருந்த பையன் அவர்.

படத்தின் கதை இந்தப் பக்கத்து மண்ணைத் தொட்டது. நாகைக்கு அருகே கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட சம்பவம்தான் அதன் பின்னணி. அதைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கேசட்டின் துள்ளல் கொஞ்சம் உறுத்தியிருக்கும். ஆனால் பதினேழு வயதுப் பையனிடம் ஒப்பாரியை எதிர்பார்ப்பது நியாயமா? 'ஈர நிலா' போன்ற மெட்டுகளை இன்று தனியாகக் கேட்டால் குற்றம் சொல்லத் தோன்றாது. அன்று தனியாகக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்பாவின் வயலின்களைத் தேடியவர்களுக்கு ஏமாற்றம். அப்பாவின் சாயல் கொஞ்சம் தட்டுப்பட்டால் "காப்பி" என்ற பட்டம். இரண்டு பக்கமும் அடி.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1984-இல் ஜான் லெனனின் மகன் ஜூலியன் லெனன் 'வலோட்' என்ற முதல் ராக் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பாட்டுகள் நன்றாகவே ஓடின. ஆனாலும் பேச்சு முழுக்க அந்தக் குரல் அப்பாவைப் போலவே இருக்கிறது என்பதைப் பற்றித்தான். அப்பா கொல்லப்பட்டு நான்கே ஆண்டுகள். கேட்டவர்கள் மகனிடம் தேடியது போனவரை.

யுவனைத் தூக்கிவிட்டவர்கள் ராஜா ரசிகர்கள் அல்ல, அவர்களுடைய தம்பிகள். 'வேலை', 'கல்யாண கலாட்டா' இரண்டும் 1998-இல் கவனிக்கப்படாமல் போக, ராசியில்லாதவர் என்ற பேச்சும் கிளம்பியது. 1999-இல் 'பூவெல்லாம் கேட்டுப்பார்' வந்து அதை மாற்றியது. பிறகு 'தீனா', 'துள்ளுவதோ இளமை', 'காதல் கொண்டேன்'. கிதாரும் டிரம்ஸும் முன்னால் வந்து நின்ற அந்த ஓசை காலேஜ் பஸ்ஸுக்குள் புகுந்தபோது, யார் மகன் என்று கேட்க அங்கே ஆளில்லை.

2009-இல் கமல்ஹாசனின் மகள் ஸ்ருதி 'உன்னைப்போல் ஒருவன்' படத்துக்கு இசையமைத்து அறிமுகமானபோது வழக்கு வேறு மாதிரி வந்தது. ராக் வாடை அடித்த ஆல்பம் அது. அப்பாவும் அதில் பாடியிருந்தார். அப்பா பாடகர்தான், ஆனால் இசையமைப்பாளர் இல்லையே. மெட்டுக்கு மெட்டு ஒப்பிட வழியில்லாததால் "அப்பா படம், அதனால் வாய்ப்பு" என்ற ஒற்றைக் குறையோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். ஓசை புதுசு என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

2022-இல் வந்த 'மாமனிதன்' படத்தில் இசை என்ற இடத்தில் இளையராஜா, யுவன் இருவர் பெயரும் சேர்ந்து வந்தன. எந்த மெட்டு அப்பாவுடையது, எது மகனுடையது என்று பந்தயம் கட்டாத குறையாக வாதாடினார்கள் ரசிகர்கள்.