வைத்தியசாலைப் பயணமும் கைக்கெட்டும் பையும்

கல்முனையிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளரைக் காரில் அழைத்துச் செல்வோரின் பகற்பொழுதில் பெரும்பகுதி பாதையிலேயே கழிகிறது. புறப்படும் அவசரத்தில் மருந்துகளும் மருத்துவ அறிக்கைகளும் பொதிகளின் அடியில் போய்விடுகின்றன. வேண்டிய வேளையில் கைக்கெட்டாத மருந்து, வீட்டில் மறந்துவிட்ட மருந்துக்குச் சமமானதே. எனவே, இவற்றைத் தனிப் பையிலிட்டு நோயாளரின் அருகில் வைத்தல் வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை விட்டுச் செல்லலாகாது; கடும் வெப்பம் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். மஹியங்கனைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள கொண்டை ஊசி வளைவுகள் குமட்டலைத் தரக்கூடியவை. அதற்கான பைகளும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழப் பயணிக்குச் சலுகையுண்டு. முஸல்லாவை மேலாக வைத்தால் தரிப்பு நேரம் சுருங்கும்.

மேலதிகச் சக்கரத்தின் காற்றை முதல்நாளே பார்த்து, அதனைப் பொதிகள் மறைக்காதவாறு அடுக்க வேண்டும். வழியில் நோயாளரின் நிலை மோசமடைந்தால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். அதற்குக் கைப்பேசியில் மின்னேற்றம் இருத்தல் அவசியம்.