தாம்பரம், 1938: மனசாட்சி எந்த மதம்?

"சாமி பயமே இல்லாதவனை எப்படிங்க நம்புறது?" சேலையூர், செம்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். எந்தச் சாமி என்பதிலும் சில வீட்டுக்காரர்களுக்கு நிபந்தனை உண்டு. ஒழுக்கம் மதத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் நம்ம மதத்திலிருந்து வந்தால் கூடுதல் உத்தரவாதம் என்ற எண்ணம். இதே எண்ணத்தை வைத்து உலக அளவில் பெரிய வாதம் ஒன்று நடந்தது நம்ம கிழக்குத் தாம்பரத்தில்தான்.

அதற்கு முன்கதை ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது, அதுவரை அங்கேதான். 1903இல் ஸ்காட்லாந்திலிருந்து ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் என்பவர் அந்தக் கல்லூரிக்குத் தத்துவம் சொல்லித்தர வந்தார். படிக்கிற காலத்திலேயே விசுவாசம் ஆட்டம் கண்டவர். தன் சபையின் விசுவாச அறிக்கையை அப்படியே ஏற்க மனசாட்சி இடம் கொடுக்காததால், குருப்பட்டம் பெறாமல் ஆசிரியராக மட்டும் வந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அவருடைய மாணவர்களில் ஒருவர் திருத்தணிப் பையன், எஸ். ராதாகிருஷ்ணன். அப்போது மிஷனரிகள் அடிக்கடி வைத்த குற்றச்சாட்டு: வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே கிடையாது. உலகமே மாயை என்றால் நல்லது கெட்டதும் மாயைதானே? எல்லாம் கர்மா என்றால் துன்பப்படுகிறவனுக்கு நான் ஏன் உதவணும், அவன் கணக்கை அவன் தீர்க்கட்டுமே? ஹாக்கும் கர்மாவைக் கேள்வி கேட்டார், ஆனால் கேலி செய்யவில்லை. வினைக்கு ஏற்ற பலன் என்பது நீதிமன்றத்து நியாயம், அதுவும் ஒரு நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார். ஒருவர் சுமையை இன்னொருவர் வலியப்போய்ச் சுமப்பதற்கு அந்தக் கணக்கில் எங்கே இடம் என்பதுதான் அவர் கேட்டது. நல்ல கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ராதாகிருஷ்ணனுக்கு இது உறைத்தது. 1908இல், 20 வயதுக்குள், எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றியே ஆய்வேடு எழுதினார். மாயை என்றால் உலகம் பொய் என்று அர்த்தமில்லை. எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்றால் அடுத்தவன்மேல் அன்பு காட்டுவதற்கு அதைவிட என்ன காரணம் வேண்டும் என்ற போக்கில் போகிறது அவர் வாதம். வாத்தியார் கோபப்படுவாரோ என்று பயந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஹாக் கோபப்படவில்லை, பாராட்டிச் சான்றிதழே கொடுத்தார்.

சரி, தாம்பரத்துக்கு வருவோம். கல்லூரி இங்கே இடம் மாறியபோது முதல்வராக இருந்தவர் இதே ஹாக். 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் மாநாடு இந்தப் புது வளாகத்தில் கூடியது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்தது; ஜப்பான் படையெடுத்ததால் இங்கே வந்தது. மாநாட்டுக்காகவே ஹாலந்துக்காரர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். அதன் சாரம்: கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும், அவற்றில் உள்ள உயர்ந்த அறத்துக்கும்கூட, நேரான தொடர்ச்சி கிடையாது.

ஹாக் இதை ஏற்கவில்லை. ஒருவருடைய மதம் வேறு, அந்த மதத்துக்குள் இருந்தபடியே அவர் கடவுள்மேல் வைக்கிற விசுவாசம் வேறு என்று பிரித்தார். கடவுளோடு உண்மையாகவே ஒன்றி வாழ்கிறவர்களைக் கிறிஸ்தவத்துக்கு வெளியிலும் காண முடிகிறதே, அதைக் கொள்கைக்காக இல்லையென்று சொல்வதா என்பது அவர் பக்கம். கையெழுத்துப் போட மனம் ஒப்பாத அந்தப் பழைய ஹாக்கைத்தான் இங்கேயும் பார்க்கிறேன்: பழகிப் பார்த்த மனிதர்களா, எழுதி வைத்த கோட்பாடா என்றால் மனிதர்கள்.

என் மனசு ஹாக் பக்கம்தான். ஆனாலும் கிரேமரைக் குறுகிய மனக்காரர் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் இனமும் நாடுமே மதமாகி, தேவாலயங்களுக்குள்ளும் புகுந்துகொண்டிருந்த காலம் அது. சுற்றியிருக்கிற எல்லாரும் சரி என்பதையே மனசாட்சியும் சரி என்றால், அதைத் திருத்த வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டாமா? பின்னால் நாஜிகள் ஹாலந்தைப் பிடித்தபோது இதே கிரேமர் தேவாலய எதிர்ப்பில் முன்னால் நின்றார். அவரைப் பணயக் கைதியாக முகாமில் அடைத்தார்கள்.

நம்ம ஊருக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிப் பார்த்தால் சாதி வந்து நிற்கிறது. கோயிலுக்குள் விடாதவர்களுக்கும் சாமி பயம் இருந்தது, தேவாலயத்தில் சாதிக்கொரு இடம் ஒதுக்கினவர்களுக்கும் இருந்தது. தூக்கம் கெடவில்லை. இந்த இடத்தில் ஹாக்கும் போதவில்லை, கிரேமரும் போதவில்லை.

அதே 1938இல் கிரேமருக்கு உள்ளூரிலிருந்தே ஒரு பதில் புத்தகமாக வந்தது. எழுதியவர்களில் பி. செஞ்சய்யா, வி. சக்கரை இருவரும் முக்கியமானவர்கள். சக்கரை தொழிற்சங்கத் தலைவரும்கூட. அதைத் தனியாகத்தான் எழுதணும்.