இழுத்துப் போகும் வீடா? ஓட்டிப் போகும் வீடா?

அமெரிக்காவில் வயதான தம்பதிகள் திண்டாட்டம்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அமெரிக்காவில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டை இழுத்துப் பார்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்கர்கள் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் கிளம்பிவிடுவார்கள். இளவட்டங்களுக்குக் கூடாரம் போதும். வயதானவர்கள் தரையில் படுத்தால் இடுப்பு சும்மா விடுமா? கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கக்கூஸ் சகிதம் வீட்டையே கொண்டு போகிறார்கள். இப்படிச் சக்கரம் வைத்த வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே பல லட்சம்!

இரண்டு ரகம்

இதில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, டிராவல் டிரெய்லர். இதற்கு என்ஜின் கிடையாது. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். இன்னொன்று, மோட்டார் ஹோம். இது தானே ஓடும். பஸ்சுக்குள் வீடு கட்டிய மாதிரி. முன்னால் ஸ்டீயரிங், நடுவில் சமையல், பின்னால் படுக்கை.

பல வருஷம் டிரெய்லர் இழுத்தவர்கள், வயது ஏறியதும் “போதுமடா சாமி” என்று மோட்டார் ஹோமுக்கு மாறுகிறார்கள். மாறினால் தலைவலி தீருமா? ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கணவருக்கு வயது 68, மனைவிக்கு 65 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கையில் இருப்பது ஆயுள் சேமிப்பு.

கொக்கி வேலை

டிரெய்லரை மாட்டுவது லேசான வேலை அல்ல. வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் கொண்டுவந்து, இரும்புக் குண்டின் மேல் கொக்கியை உட்கார வைக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி மாட்ட வேண்டும். பிரேக்குக்கும் விளக்குக்கும் மின்சார பிளக் சொருக வேண்டும். மழை பெய்தாலும் வெளியே நின்றுதான் செய்தாக வேண்டும்.

எடைக் கணக்கும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 2,700 கிலோ டிரெய்லர் என்றால் 270 முதல் 400 கிலோ வரை! சாமான்களைப் பின்பக்கமாக அடுக்கி இந்தக் கணக்கு குறைந்தால் போச்சு. வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். முன்னால் போகும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

“உங்க இடதா, என் இடதா?”

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த சோதனை. டிரெய்லரை ரிவர்சில் விட வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். கணவர் ஓட்டுவார். மனைவி பின்னால் நின்று கை காட்டுவார்.

“இடது பக்கம் வாங்க!”

“உன் இடதா, என் இடதா?”

“ஐயோ, நிறுத்துங்க! மரம்!”

பக்கத்து முகாம்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அன்று இரவு அந்த வீட்டில் சாப்பாடு இறங்காது!

இத்தனை தொல்லைக்குப் பிறகுதான் “மோட்டார் ஹோம் வாங்கிவிடலாமா?” என்ற பேச்சு வருகிறது.

ஒரு ஊரே மாறியது

இப்படி மாறியது குடும்பங்கள் மட்டும் அல்ல. அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். விவசாயம் நொடித்துப்போன காலம். ஊருக்கு ஏதாவது தொழில் வேண்டுமே என்று ஜான் ஹான்சன் என்ற வியாபாரியும் மற்றவர்களும் சேர்ந்து 1958-ல் ஒரு டிரெய்லர் தொழிற்சாலையைக் கொண்டுவந்தார்கள். அதுதான் பின்னாளில் வின்னபேகோ கம்பெனி ஆனது.

1966-ல் அந்தக் கம்பெனி மோட்டார் ஹோம் தயாரிப்பில் இறங்கியது. மற்றவர்கள் விற்ற விலையில் ஏறக்குறைய பாதி விலைதான். வண்டிகள் சூடாக விற்றன. மோட்டார் ஹோம் என்றாலே “வின்னபேகோ” என்று ஜனங்கள் சொல்லும் அளவுக்குப் பெயர் பரவியது.

1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கு அதுதானே கதி!

மழைக்கு ஜோர்

மோட்டார் ஹோமில் வசதி அதிகம்தான். கொட்டும் மழையில் போய்ச் சேர்ந்தாலும் கீழே இறங்காமலே படுத்துத் தூங்கலாம். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் உட்காருவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி குற்றம். மோட்டார் ஹோமில் பெல்ட் போட்டுக்கொண்டு குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து போகலாம். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு இது படு ஜோர்.

ஆனால் செலவு? சாதாரண டிரெய்லரைச் சில பத்தாயிரம் டாலரில் வாங்கிவிடலாம். பஸ் மாதிரி இருக்கும் பெரிய மோட்டார் ஹோம் புதிதாக லட்சம் டாலரைத் தாண்டும். லிட்டருக்கு 3 அல்லது 4 கிலோ மீட்டர் ஓடினாலே பெரிய காரியம். ஓடாமல் நின்றாலும் வெயிலில் டயர் கிழடு தட்டும். பட்டன் தேயாமல் இருக்கும்போதே மாற்ற வேண்டிய நிலை வரும்.

பால் வாங்க வீட்டோடு!

முகாமில் இறங்கியாயிற்று. காலையில் காப்பிக்குப் பால் இல்லை. டிரெய்லர்காரர் கொக்கியைக் கழற்றிவிட்டு பிக்கப்பில் கடைக்குப் போய்விடுவார். மோட்டார் ஹோம்காரர்? தண்ணீர்க் குழாய், மின்சார வயர், சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கி, வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்!

மோன்டானா மாநிலத்தில் கிளேஷியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் மலைச்சாலையின் உச்சிப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டு, பிக்கப் 21 அடிக்குள் இருந்தால் ஏறிவிடலாம். பெரிய மோட்டார் ஹோம் கீழேயே நிற்க வேண்டியதுதான்.

தேரை வந்தது

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? மோட்டார் ஹோமின் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுப்பது! அந்தக் காருக்குச் செல்லப் பெயர் “டோட்”. இழுக்கப்படுவது என்றாலும் தேரை என்றாலும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒரே சத்தம்.

கொக்கியே வேண்டாம் என்றுதானே மாறினார்கள்? கொக்கி திரும்ப வந்துவிட்டது! சங்கிலி, விளக்கு வயர், இழுக்கப்படும் காருக்குத் தனி பிரேக் எல்லாம் மறுபடியும். இன்னொரு கூத்து: நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கப்படும் காரை ரிவர்சில் தள்ளக் கூடாது. முன்சக்கரங்கள் கண்டபடி திரும்பி, கார் சேதமாகும். தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கிக் காரைக் கழற்றிய பிறகுதான் பின்னால் வர முடியும். டிரெய்லராவது திட்டு வாங்கிக்கொண்டே பின்னால் வரும். இது அதுவும் வராது!

வீடு ஒர்க்‌ஷாப்பில்

பிக்கப் வண்டி கெட்டுப்போனால் வேறு வண்டி வைத்து டிரெய்லரை இழுக்கலாம். மோட்டார் ஹோமில் என்ஜின் கெட்டால் படுக்கை, பாத்திரம், மாத்திரை, துணிமணி எல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். தம்பதி லாட்ஜைத் தேட வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நடுவழியில் கணவருக்கு நெஞ்சு வலி வந்தால்? பல குடும்பங்களில் அவர் ஒருவருக்குத்தான் அந்த வண்டியை ஓட்டத் தெரியும். மனைவி ஒரு தடவைகூட ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்க மாட்டார். 35 அடி நீள வண்டியில், ஆள் இல்லாத சாலையில், ஓட்டத் தெரியாத துணையோடு... நினைத்தாலே பகீர் என்கிறது! இழுப்பதானாலும் ஓட்டுவதானாலும் இந்த ஆபத்து இரண்டுக்கும் பொது. அதனால்தான் இருவருமே ஓட்டப் பழக வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்கிறார்கள். இதற்கென்றே பயிற்சி வகுப்புகளும் அங்கே இருக்கின்றன.

எதற்கு மாறினாலும் மாறாத வேலை ஒன்று உண்டு. கக்கூஸ் தொட்டியைக் காலி செய்வது! முதலில் அந்தத் தொட்டி. பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் குழாய் கழுவப்படும். லட்சம் டாலர் வண்டிக்காரரும் கையுறை மாட்டிக் குனிந்தே ஆக வேண்டும்.

ஒரே கேள்வி

அப்படியானால் எது நல்லது? ஒரே இடத்தில் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்குகிறவர்களுக்கு டிரெய்லர். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு மோட்டார் ஹோம். மனசு ஊசலாடினால் வாடகை வண்டி கிடைக்கிறது. ஒரு வாரம் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சேமிப்பில் கை வைக்கலாம்.

அந்த ஒரு வாரத்தில் பாதி நாள் ஸ்டீயரிங் மனைவி கையில் இருக்கட்டும். கணவர் பின்னால் நின்று கை காட்டட்டும். “உன் இடதா, என் இடதா?” என்பது அப்போது அவருக்கும் புரியும்!