களை மேல் நிழல் விழட்டும்

இயற்கை முறையில் நெல் போடுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்குதுங்க, களைக்கு என்னங்க வழி?" நியாயமான கேள்வி. களைக்கொல்லியைத் தொடக்கூடாது. கைக்களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவதில்லை.

நடவுக்கு முன்னாலே நிலம் இரண்டு மாதம் சும்மா கிடக்கிறதே, அப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். பொடிப்பொடியான களை விதைகள் பலவற்றுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தை மறைப்பதுதான் மூடுபயிர். நெல் வயலுக்குத் தக்கைப்பூண்டு நல்லது. களர் நிலத்தையும் தாங்கும், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் சாகாது. சணப்பைக்கு வடிகால் வேண்டும்.

கோடை மழையை வைத்தோ, ஒரு தண்ணீர் விட்டோ முதலில் களையை முளைக்க விடுங்கள். எட்டுப் பத்து நாளில் பச்சை தெரியும். மேலாக ஓர் உழவு ஓட்டி அதை அழித்துவிட்டு உடனே விதையுங்கள். இந்தச் சமயத்தில் ஆழ உழுதால் அடியில் கிடக்கிற விதை மேலே வந்துவிடும். ஏக்கருக்கு 20 கிலோ விதை வேண்டும். இதிலே சிக்கனம் பார்க்கிறவர்கள் உண்டு. பத்துக் கிலோவை வீசிவிட்டு, "களை அடங்கலையே" என்றால் எப்படி அடங்கும்? முதல் மூன்று வாரம் ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டால், பிறகு தரை தெரியாமல் மூடிக்கொள்ளும்.

கோரை சங்கதி வேறு. அது கிழங்கிலிருந்து கிளம்புவது. ஒரு பருவ நிழலில் கிழங்கு செத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நிழலில் அது மெலியும், புதுக்கிழங்கு வைப்பது குறையும், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் உழுது கிழங்கைக் காயவிடுவதையும் சேர்த்து, வருஷா வருஷம் விடாமல் செய்தால்தான் பிடி தளரும்.

45 நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். நாள் தள்ளினால் தண்டு நாராகிவிடும். மக்காமல் கிடந்து நடவாள் காலைக் குத்தும். தண்ணீர் கட்டிப் பத்து நாள் மக்கவிட்டு நடுங்கள். தழைச்சத்தும் கிடைத்துவிடும். நட்ட பிறகும் கொஞ்சம் களை வரத்தான் செய்யும். வரிசை நடவாக இருந்தால் கோனோவீடரைத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளலாம்.

தென்னை வைத்திருப்பவர்கள், மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் மரத்துக்கு 50 கிராம் சணப்பை விதைத்து, பூக்கும் முன்னே மடக்கிவிடுங்கள்.

அடுத்த வருஷ விதைக்கு வரப்போரம் ஒரு வரிசை தக்கைப்பூண்டு விட்டு வையுங்கள். காய் வெடிக்கும் முன் அறுத்துவிட வேண்டும். வயலில் கொட்டினால் தக்கைப்பூண்டே களையாக வந்து நிற்கும்.