நெல் தரிசில் விளையும் இனிப்பு

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே காவிரி டெல்டாவில் அடுத்த விதைப்பு நடந்துவிடும். தண்ணீரை வடித்து, மண் மெழுகுப் பதத்துக்கு வந்ததும், நிற்கிற கதிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் தாளுக்கு நடுவே அது தழைத்து வரும். தனிப் பாசனம் கிடையாது. மிச்ச ஈரமும் பனியுமே போதும். பங்குனிவாக்கில் பயறு வீட்டுக்கு வந்துவிடும். 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம்தான் இந்த நெல் தரிசு விதைப்புக்கு ஏற்ற ஆடுதுறை 3 உளுந்து ரகத்தையும் கொடுத்தது.

இந்தப் பயறும் உளுந்தும் இனிப்புக்கும் கைகொடுக்கும். அரிசி, கோதுமை, மைதா, ரவை எதுவும் சேராத இனிப்பை வீட்டிலேயே செய்ய இன்று பலர் ஆசைப்படுகிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்குப் பயந்தவர்கள் அதைவிட அதிகம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. உடனே பாதாம் மாவு, விலை உயர்ந்த பாக்கெட்டுகள் என்று கடையில் தேடுகிறோம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தச் செலவே வேண்டாம். பயறு வயலில் இருக்கிறது, அச்சு வெல்லம் வீரமாங்குடியில் காய்ச்சுகிறார்கள், தேங்காய்க்குப் பேராவூரணி. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அங்கே மறுபடி கன்று வைத்து வளர்த்தவர்களின் காயை வாங்குவதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

முதலில் செய்ய வேண்டியது பயத்தம் உருண்டை. கால் கிலோ முழுப் பச்சைப் பயறை அடி கனத்த வாணலியில், தீயைக் குறைத்து வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறி, அடுப்படி தாண்டிக் கூடம்வரை மணம் வரும்போது இறக்கி ஆறவிடுங்கள். அரைத்துச் சலித்த மாவில் பொடித்த வெல்லம் 100 கிராம், ஏலக்காய், துளி சுக்கு. 100 மில்லி நெய்யைச் சூடாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும், ஆறினால் உதிரும். சின்ன எலுமிச்சை அளவில் இருபது வரும். ஒன்றில் 5 கிராம் வெல்லம்.

அந்தக் கணக்கு முக்கியம். வெல்லம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரோடியிருக்கிறது. அது தவறு. வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்தில் ஏறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னபடி, சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. உருண்டையின் நன்மை பயறில் இருக்கிறது: நூறு கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம், தோலோடு அரைத்தால் நார்ச்சத்தும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒன்றே போதும், அதுவும் மருத்துவரைக் கேட்டு.

திருவையாற்று அசோகா இல்லாமல் இந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்தி ஏது? பாசிப்பருப்பு அல்வாதான் அது. பிடிமானத்துக்குத்தான் கோதுமை மாவை நெய்யில் வறுத்துச் சேர்க்கிறார்கள். அதற்குப் பதிலாகப் பாசிப்பருப்பு மாவையே வறுத்துப் போடலாம். நெய் பிரிந்து வரக் கூடுதல் நேரம் கிளற வேண்டும், கடை அசோகாவின் வழவழப்பும் வராது. ஒரு பங்கு பருப்புக்கு இரண்டு பங்கு சர்க்கரை என்ற வழக்கத்தை ஒரு பங்காகக் குறைத்தால் பருப்பின் ருசி தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

உளுந்தங்களிக்கும் கைப்பிடி அரிசி சேர்க்காமல், தோல் உளுந்து மாவோடு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போதும்.

ஒரு எச்சரிக்கை. மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அது உங்கள் பயறு மாவில் கலந்துவிடும். கோதுமையே ஆகாத பிள்ளை வீட்டில் இருந்தால் மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும். வெல்லம் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தவிர்த்துக் கருத்ததைக் கேளுங்கள். வெளுப்புக்காக ரசாயனம் போடுவது உண்டு.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும் வீட்டில் அரிசி மாவு மேல்தோல் மட்டுந்தானே? தேங்காய்ப் பூரணத்தையும் எள்ளுப் பூரணத்தையும் தனியே உருட்டிவைத்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். தேங்காய் அன்றைக்கே தீர வேண்டும். எள் நாலைந்து நாள் தாங்கும்.