அடுப்புக்குள் ஒரு பேராசிரியர்

1948ஆம் வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதியன்று, சென்னையில் பேராசிரியர் ஜெயந்த் பாலிகா ஜனித்தார். இன்று ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஓர் இல்லத்தரசி இண்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சுகையில், பாலிகாவின் சிருஷ்டியான ஒரு சுவிட்ச் அவ்வடுப்பின் வயிற்றுக்குள் விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறது. பாலை இறக்கிய பின்னும் சிறு விசிறி சற்று நேரம் இரைகிறதே, அது பெரும்பாலும் அந்தச் சூடேறிய சுவிட்சை ஆற்றுவதற்காகத்தான்.

ஐ.ஜி.பி.டி. என்பது அதன் பெயர். பழைய டிரான்சிஸ்டர் பெருமின்னோட்டத்தைச் சுமக்கும், ஆனால் அதை ஏவுவதற்கே கணிசமான மின்சாரம் வேண்டும். மாஸ்பெட் என்பதோ இலேசான சமிக்ஞைக்கே இணங்கும், ஆனால் உயர் அழுத்தத்தில் பாரந் தாங்காது. இவ்விரண்டின் குணங்களையும் ஒரே சிலிக்கான் துண்டில் சேர்த்து, ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில், 1980களின் தொடக்கத்தில் அவர் இதை உருவாக்கினார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்ற அவர், 1988இல் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு, பத்து லட்சம் யூரோவுடன், அவருக்குக் கிட்டியது. சூரியசக்திப் பம்புசெட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மின்சார ரயில் எஞ்சினையும் திறந்தால், அங்கும் பெரும்பாலும் அதே சுவிட்ச்தான்.