எண்ணூர் எண்ணெய்க் கசிவுகளும் யூ.எம்.எல். வகுப்பு வரைபடமும்: உருவாக்கலும் திருத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் வடிவமைப்பில் பயன்படும் யூ.எம்.எல். வகுப்பு வரைபடத்தை மாதிரியாக்கக் கருவியொன்றில் உருவாக்குவதையும் பின்னர்த் திருத்துவதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னைக் கடற்கரையில் 2017-லும் 2023-லும் நேர்ந்த இரு எண்ணெய்க் கசிவுகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. முதல் நிகழ்வைக் கொண்டு வரையப்பட்ட மாதிரி இரண்டாம் நிகழ்வை ஏற்க இயலாமற்போவது எங்ஙனம் என்பதும், வரைபடத்தின் ஒரு கோடோ ஓர் எண்ணோ எவரைப் பதிவேட்டில் சேர்க்கிறது, எவரை விலக்குகிறது என்பதும் ஆராயப்படுகின்றன. தமிழ்ப் பெயர்களைக் கருவியில் இடும்போது எழும் ஒருங்குறிச் சிக்கலும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வகுப்பு வரைபடம், மாதிரியாக்கம், தொடர்பு, எண்ணிக்கை வரம்பு, எண்ணூர், ஒருங்குறி.

முன்னுரை

கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் யாக்கப்சன் ஆகிய மூவரும் தனித்தனியே வகுத்திருந்த குறியீட்டு முறைகளை ஒருங்கிணைத்ததன் விளைவாக யூ.எம்.எல். எனும் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி உருவாயிற்று. 1997 நவம்பரில் ஓ.எம்.ஜி. அமைப்பு அதனைத் தரமாக ஏற்றது. அம்மொழியின் பல்வகை வரைபடங்களுள் கல்லூரிப் பாடத்திட்டங்களில் பெரிதும் இடம்பெறுவது வகுப்பு வரைபடம். ஒரு துறையில் எவ்வெப் பொருள்கள் உள்ளன, அவற்றின் பண்புகள் யாவை, அவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை அது காட்டும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இத்தகைய வகைப்பாடு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கையில், ஒவ்வொரு படிநிலையும் முன்னதன் அறிவுகளைப் பெற்று, மேலும் ஓர் அறிவைக் கூட்டிக்கொள்கிறது. வகுப்பு வரைபடத்தின் மரபுரிமை என்னும் கருத்தும் இவ்வாறே இயங்குகிறது. ஒப்புமை இவ்வளவோடு நிற்கும்; இதற்கு மேல் நீட்டுவது இரண்டுக்கும் நியாயமாகாது.

படமும் மாதிரியும்

கருவியைக் கையாளத் தொடங்குவோர் முதலில் உணர வேண்டிய வேறுபாடு, திரையில் தெரியும் படம் வேறு, கருவி சேமித்து வைத்திருக்கும் மாதிரி வேறு என்பதாகும். சொற்செயலியில் ஒரு பெட்டி வரைந்தால் அது பெட்டி மட்டுமே. ஸ்டார் யூ.எம்.எல். போன்ற கருவியில் வரைந்தால், மாதிரியில் ஒரு வகுப்பு பிறக்கிறது; திரையில் இருப்பது அதன் ஒரு காட்சி. ஒரே வகுப்புக்குப் பல வரைபடங்களில் பல காட்சிகள் இருக்கலாம். ஓரிடத்தில் பெயரை மாற்றினால் எல்லா இடங்களிலும் அது மாறும்.

அழித்தலும் இதனால் இருவகைப்படுகிறது. மேற்கூறிய கருவியில் வெறும் அழிப்பு விசை காட்சியை மட்டும் நீக்கும். வகுப்பு மாதிரியில் தொடர்ந்து இருக்கும். மாதிரியிலிருந்தே நீக்குவதற்குத் தனிக் கட்டளை உண்டு. படத்தில் இல்லாத வகுப்பு, உருவாக்கப்பட்ட நிரலில் மட்டும் தோன்றி மாணவரைத் திகைக்கவைப்பது பெரும்பாலும் இவ்வேறுபாட்டால்தான். இதன் மறுதலையும் நிகழும். முன்பே உள்ள வகுப்பை இரண்டாம் வரைபடத்தில் காட்ட விரும்புவோர், மாதிரிப் பட்டியலிலிருந்து அதனை இழுத்து விடவேண்டும். மாறாகக் கருவிப்பெட்டியிலிருந்து புதிய பெட்டியை எடுத்தால், தொடர்பற்ற வேறொரு வகுப்பு உருவாகிவிடும். பண்புகளைக் காட்டாது மறைப்பதும் காட்சியைச் சார்ந்த செயலே. மாதிரிக்கு அதனால் குறைவில்லை.

2017: முதல் மாதிரி

2017 சனவரி 28 அன்று அதிகாலையில், எண்ணூரிலுள்ள காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதின. முன்னது எரிவாயுக் கப்பல். துறைமுகத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. பின்னது பெட்ரோலியப் பொருள்களுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது. கசிந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் தடித்துப் படிந்தது. வாளிகளைக் கொண்டு அதனை அள்ளியெடுத்த காட்சிகள் நாடு முழுவதும் பரவின.

இந்நிகழ்வைப் பதிவுசெய்யும் தகவலமைப்பு ஒன்றுக்கு வகுப்பு வரைபடம் வரைவதாகக் கொள்வோம். 'கப்பல்', 'மோதல்', 'கசிவு', 'கரைப்பகுதி' என்னும் வகுப்புகள் உடனே தோன்றும். 'கப்பல்' வகுப்பின் பண்புகளுள் எது அடையாளம்? பெயர் என்பதே இயல்பான விடை. ஆனால் பொருந்தாத விடை. கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறக்கூடியவை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழிலக்க எண்ணோ கப்பல் உடைக்கப்படும்வரை மாறாது. அதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் இறுதி இலக்கம் ஏழாம் இலக்கத்தோடு ஒத்துவரும். 9074729 என்னும் எண்ணுக்குக் கூட்டுத்தொகை 139. எனவே இறுதி இலக்கம் 9. இச்சோதனையை வகுப்பின் செயற்பாடாக எழுதிவைக்கலாம்.

'மோதல்', 'கப்பல்' ஆகியவற்றுக்கிடையே ஒரு தொடர்புக்கோடு வரைந்து, கப்பல் முனையில் 2..* என எண்ணிக்கை வரம்பு இட வேண்டும். மோதலுக்குக் குறைந்தது இரண்டு கப்பல்கள் வேண்டும் என்பது அதன் பொருள். எதிர்முனையில் 0..* வரும். ஏனெனில் எந்த மோதலிலும் சிக்காத கப்பல்களே மிகுதி.

சிக்கல் எண்ணெயில் தொடங்குகிறது. துறைமுக மாதிரிகளில் வழக்கமாகக் கப்பலோடு 'சரக்கு' இணைக்கப்படும். ஆயின் 2017-ல் கரையைக் கறுப்பாக்கியது ஏற்றிவந்த சரக்கன்று. கப்பல் தன் இயக்கத்துக்கு வைத்திருந்த கனரக உலை எண்ணெய். 'கப்பல்–சரக்கு' என்ற ஒற்றைத் தொடர்பை மட்டும் கொண்ட மாதிரியில் அந்த எண்ணெய்க்கு இடமே இல்லை. எரிவாயுவையோ பெட்ரோலியப் பொருளையோ கசிவின் பொருளாகப் பதிவதுதான் அங்கே இயலும்; அப்பதிவு பிழையாகவே இருக்கும். ஆகவே 'எண்ணெய்த் தொட்டி' என்னும் பொதுவகுப்பும், அதன்கீழ் 'எரிபொருள் தொட்டி', 'சரக்குத் தொட்டி' என்னும் இரு சிறப்பு வகுப்புகளும் தேவைப்படுகின்றன. பொதுவகுப்பு நோக்கி வெற்று முக்கோண முனையுள்ள கோடு செல்லும்.

தொட்டிக்கும் கப்பலுக்கும் இடையிலானது உள்ளடக்கத் தொடர்பு. கப்பல் முனையில் நிரப்பிய சாய்சதுரம் இடப்படும். முழுமை அழிந்தால் பகுதியும் அழியும் என்பது இதன் உட்பொருள். இதே சாய்சதுரத்தைக் 'கொள்கலன்' வகுப்புக்கும் இட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. அவ்வாறு இட்டால், கப்பலின் பதிவை நீக்கும்போது, இராயபுரத்துக்கு அப்பால் முனையத்தில் இறக்கிவைக்கப்பட்ட கொள்கலன்களின் பதிவுகளும் மறைந்துபோகும். கொள்கலன் கப்பலுக்கு உரியதன்று. ஒரு பயணத்துக்கு மட்டும் அதில் ஏறுவது. கோட்டை எந்த முனையிலிருந்து இழுத்தால் சாய்சதுரம் எங்கே விழும் என்பது கருவிக்குக் கருவி மாறுபடுவதால், வரைந்தபின் ஒருமுறை சரிபார்ப்பது நன்று.

உடைமை என்னும் தொடர்பு வகுப்பு

'துறைமுகம்' வகுப்பில் 'உரிமையாளர்' என்பதை ஒரு சொற்பண்பாக எழுதிவிடலாம் என்று தோன்றும். வடசென்னை அதற்கு இடந்தருவதில்லை. 2001-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 2014-ல் காமராசர் பெயர் பெற்றது. அதன் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஒன்றிய அரசிடமும், எஞ்சியது சென்னைத் துறைமுகத்திடமும் இருந்தன. 2020-ல் ஒன்றிய அரசின் பங்கையும் சென்னைத் துறைமுகமே வாங்கியது. அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்டு டி நிறுவனத்திடமிருந்து 2018-ல் அதானி குழுமத்துக்குக் கைமாறியது.

ஒரு துறைமுகம் மற்றொரு துறைமுகத்தின் உரிமையாளராக இருப்பதால், 'உரிமையாளர்' என்பதைத் துறைமுகத்திலிருந்து முற்றிலும் வேறான வகுப்பாகக் கொள்வதும் பொருந்தாது. 'நிறுவனம்' என்னும் பொதுவகுப்பின்கீழ்த் துறைமுக ஆணையத்தையும் தனியார் நிறுமத்தையும் வைத்து, 'நிறுவனம்', 'துறைமுகம்' ஆகியவற்றுக்கிடையிலான கோட்டில் 'உடைமை' என்னும் தொடர்பு வகுப்பைத் தொங்கவிடலாம். பங்கு விழுக்காடு, தொடக்க நாள், முடிவு நாள் ஆகியன அதன் பண்புகள். இவை நிறுவனத்துக்கும் உரியவையல்ல, துறைமுகத்துக்கும் உரியவையல்ல. இரண்டும் சேர்ந்த உறவுக்கு உரியவை. கசிவு நேர்ந்த நாளில் பொறுப்பு எவருடையது என்ற வினாவுக்கு இப்பண்புகளிலிருந்தே விடை பெற முடியும்.

2023: திருத்தம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருவெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இம்முறை மோதலும் இல்லை, கப்பலும் இல்லை. மணலியிலுள்ள சி.பி.சி.எல். ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர்த் தெரிவித்தது.

முதல் மாதிரியில் 'கசிவு' வகுப்பிலிருந்து செல்லும் கோடு 'எண்ணெய்த் தொட்டி'யிலும், அங்கிருந்து 'கப்பல்' வகுப்பிலும் முடிகிறது. புதிய நிகழ்வைப் பதிய வேண்டுமாயின் அந்தக் கோட்டின் முனையை மாற்ற வேண்டும். பலர் பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரைகின்றனர். அவ்வாறு செய்தால் தொடர்பின் பெயர், முனைப் பெயர்கள், எண்ணிக்கை வரம்புகள், இணைத்த குறிப்புகள் அனைத்தும் போய்விடும். கோட்டின் முனையைப் பிடித்து வேறு வகுப்பின்மேல் விடும் வசதி பல கருவிகளில் உண்டு. அதுவே மாதிரியின் தொடர்ச்சியைக் காக்கும்.

முனை எங்கே சேர வேண்டும்? 'கசிவு மூலம்' என்றொரு பொதுவகுப்பை உண்டாக்கி அதன்கீழ்க் கப்பலையும் ஆலையையும் வைப்பது எளிய வழி. ஆனால் கசியவிடுவது கப்பலின் இயல்போ ஆலையின் இயல்போ அன்று. அவை ஒருநாள் ஏற்கும் நிலை மட்டுமே. எனவே 'கசிவு மூலம்' என்பதை ஓர் இடைமுகமாக அமைத்து, 'எண்ணெய்த் தொட்டி', 'ஆலை வடிகால்' ஆகிய வகுப்புகள் அதனைப் புள்ளிக்கோட்டால் நிறைவேற்றுவதாகக் காட்டுவதே பொருத்தம்.

இதனினும் முதன்மையான திருத்தம் ஓர் எண்ணில் இருக்கிறது. முதல் மாதிரியில் கசிவின் மூலத்துக்கு '1' என்ற எண்ணிக்கை வரம்பு இட்டிருந்தால், மூலம் தெரியாத கசிவைக் கருவி உருவாக்கித்தரும் தரவுத்தளம் ஏற்காது. 2017-ல் மோதிய கப்பல்கள் கண்முன் இருந்தன. அதனால் அந்த '1' உறுத்தவில்லை. 2023-லோ மீனவர்கள் வலையிலும் படகிலும் எண்ணெயைக் கண்டது முதலில். மூலம் எதுவென்று அறிவிக்கப்பட்டது பின்னரே. '1' என்று எழுதினால், பொறுப்பாளர் யார் என்று முடிவாகும்வரை பாதிக்கப்பட்டவரின் முறையீட்டை எழுதிக்கொள்ளவே இயலாது. '0..*' என்று மாற்றினால் முறையீடு இன்று பதிவாகும். மூலம் பின்னர்ச் சேரும், ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம்.

'பாதிக்கப்பட்டவர்' வகுப்பிலும் இதே நிலை. காசிமேட்டின் விசைப்படகுகளை மனத்தில் கொண்டு வரைவோர், அவ்வகுப்பைப் 'படகு' வகுப்போடு '1..*' என இணைத்துவிடக்கூடும். எண்ணூர்க் கழிமுகத்தில் படகின்றிச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்போரும், மீன் விற்கும் பெண்களும், பிறர் படகில் கூலிக்குச் செல்வோரும் அந்த '1' என்னும் எண்ணாலேயே மாதிரிக்கு வெளியே நின்றுவிடுவர். படகு முனையில் '0..*' இட்டு, 'தொழில்வகை' என்பதைத் தனி வகுப்பாக்கி, ஒருவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் இருக்க இடந்தர வேண்டும். படகைக் 'கப்பல்' வகுப்பின்கீழ் வைப்பதும் தகாது. அவ்வாறு வைத்தால் ஏழிலக்கக் கப்பல் எண் படகுக்கும் கட்டாயமாகிவிடும். 'கலம்' என்னும் பொதுவகுப்பின்கீழ் இரண்டையும் தனித்தனியே வைத்து, அடையாள எண்ணை அவற்றுக்குரிய வகுப்பில் எழுதலாம்.

தமிழ்ப் பெயர்களும் ஒருங்குறியும்

வகுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுவதற்கு இன்று தடையில்லை. ஸ்டார் யூ.எம்.எல். தன் மாதிரியை ஜேசன் வடிவ உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. ஜாவா, பைத்தான் 3 ஆகிய நிரல்மொழிகள் தமிழ் எழுத்துகளை உயிர்மெய்க் குறிகளுடன் பெயர்களில் ஏற்கின்றன. எனினும் ஒரு கண்ணுக்குத் தெரியாத இடர் உண்டு. 'கொள்கலன்' என்ற சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையிலோ பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்த உரையிலோ இரண்டாம் வடிவம் வரக்கூடும்.

அவ்வாறு வந்தால், ஒரே பெயருடைய இரு வகுப்புகள் மாதிரியில் அருகருகே இருக்கும். பெயர்மோதலைக் கண்டறியும் சோதனையிலும் அவை சிக்காமற்போகும். பைத்தான் பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வதால் அங்கே இரு வகுப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படும். ஜாவா அவ்வாறு மாற்றாததால் இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒரே மாதிரியிலிருந்து இரு மொழிகளில் உருவாக்கிய நிரல்கள் இரு வேறு வகையில் பிழைபடும். ஔகாரத்துக்கு மாற்றாக ஒற்றைக்கொம்போடு ளகர எழுத்தைத் தட்டச்சிடுவதும் இத்தகையதே. அதனை ஒருங்குறியின் இயல்பாக்க முறையாலும் சரிசெய்ய இயலாது.

ஒகர, ஓகாரக் குறிகளைப் பொறுத்தவரை தீர்வு எளிது. மாதிரிக்கோப்பு உரைவடிவில் இருப்பதால், சேமித்தபின் அதனை என்.எஃப்.சி. எனப்படும் ஒருங்கிணைந்த வடிவுக்கு ஒரு சிறு நிரலால் மாற்றலாம். அவ்வாறு மாற்றியபின், ஒரே பெயருடன் வெவ்வேறு அடையாளக் குறிகளைக் கொண்ட வகுப்புகள் உள்ளனவா என்று தேடி, அவற்றுக்குரிய கோடுகளை ஒரு வகுப்புக்கு நகர்த்திய பின்னரே மற்றதை மாதிரியிலிருந்து நீக்க வேண்டும்.